‘வில்லன்’ என்னும் பெயரும் தமிழ் வினைச்சொற்களும்

காப்பியத்தையும் நாடகத்தையும் ஆராயப் புகுவோர் இந்நாளில் முதற்கண் எழுப்பும் வினாக்களுள் ஒன்று, ‘இந்நூலில் வில்லன் யார்?’ என்பது. கம்பராமாயணத்தைக் கையிலெடுத்தோர் இராவணன் என்பர். சிலர் கூனி என்பர். குற்றாலக் குறவஞ்சியைக் கையிலெடுத்தோர் விடை காணாது திகைப்பர். ‘இதில் வில்லன் இல்லை, ஆகவே முரண் இல்லை, ஆகவே நாடகத்தன்மை குறைவு’ என்று முடிவு கட்டுதலும் எளிதாகிவிடுகின்றது. இம்முடிவு பொருந்தாது என்பதும், குறை நூலில் இன்றி வினாவிலேயே உள்ளது என்பதும் யாம் ஈண்டுக் காட்டக் கருதுவன. அதற்கு முன்னர், அவ்வினாவில் நாம் கூசாது வழங்கும் சொல்லின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

‘வில்லன்’ என நாம் எழுதும் ஆங்கிலச் சொல் தீமை குறித்துப் பிறந்ததன்று. இலத்தீனில் ‘வில்லா’ என்பது நாட்டுப்புறத்துப் பண்ணை மனை. அப்பண்ணையைச் சார்ந்து உழைத்தவன் ‘வில்லானுஸ்’ எனப்பட்டான். அச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலாந்தினுள் புகுந்து, நிலக்கிழார்க்குக் கட்டுப்பட்டு நிலத்தோடு பிணிப்புண்டு கிடந்த குடியானவனைக் குறித்தது. அப்பொருளில் எழுத்துச் சிறிது வேறுபட்டு, வரலாற்று நூல்களில் இன்றும் அது வழங்குகின்றது. உழவன் என்ற பொருள், மேட்டுக்குடியினர் வாய்ப்பட்டு, நயமறியாதவன், இழிந்தவன், கொடியவன் என ஒவ்வொரு படியாகக் கீழிறங்கியது. கதைத்தலைவனை எதிர்த்து நிற்கும் பாத்திரம் என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் நிலைபெற்றது. இச்சொல் தனித்து இவ்வழியில் சென்றதுமன்று. ‘நேவ்’ என்னும் சொல் முதலில் சிறுவனையும், பின் ஏவலனையும், அதன்பின் வஞ்சகனையும் குறித்தது. ‘பூர்’ என்பதும் உழவனைக் குறித்துத் தொடங்கி நாகரிகம் இல்லாதவனைக் குறித்து முடிந்தது. உழைப்பவன் பெயர் வசையாகும் வரலாறு இது.

இனி இச்சொல்லின் வடிவங்களைக் காண்போம். ‘வில்லன்’ என்னும் பெயரிலிருந்து கொடுமையைக் குறிக்கும் பண்புப்பெயர் ஒன்றும், கொடிய என்னும் பொருள்படும் அடைமொழி ஒன்றும் ஆங்கிலத்தில் உண்டு. பெருவழக்குடைய வினை இல்லை. வினையாக்க முயன்ற வடிவங்கள் அரிதாகவே வழங்குகின்றன. பழிதூற்றுதல் என்று பொருள்படும் ‘விலிஃபை’ என்னும் வினையை இதற்கு உறவெனக் கருதுவார் உளர். அது ‘மலிவான’ என்று பொருள்படும் வேறோர் இலத்தீன் சொல்லினின்றும் வந்தது. மேலும், அவ்வினை கொடியவன் செய்யும் தொழிலைக் குறியாது. பிறனொருவனைக் கொடியவனாக்கும் தொழிலையே குறிக்கும். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு தன் கொடுமையை நாடகத்தின் தொடக்கத்திலேயே அவையினர்க்கு அறிவிக்கின்றான். அவனும் அப்பெயரை வேறோர் வினையோடு கூட்டியே தன்னைக் குறித்துப் பேசவேண்டியுள்ளது. பெயர் தனக்கென வினையின்றி நிற்பதால், ஒருவன் மேல் அது ஒட்டப்பட்டவுடன் அவன் செய்தது யாது, செய்யாதது யாது என்ற ஆராய்ச்சி ஓய்ந்துவிடுகின்றது.

இப்பெயர் தமிழில் வந்து சேர்ந்த இடம் வியப்புக்குரியது. தமிழில் வில்லன் என்பான் முன்னரே உளன். வில் ஏந்தியவன் அவன். வில்லான், வில்லோன், வில்லி, வில்லவன் என்பனவெல்லாம் அச்சொல்லின் உறவினர். குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் தலைவியோடு சுரம் கடந்து செல்லும் தலைவனைக் கண்டோர் ‘வில்லோன்’ என்றே சுட்டுகின்றனர். விற்கொடி உடைமையால் சேரன் வில்லவன் எனப்பட்டான். தென்காசிக்கு வடக்கே உள்ள திருவில்லிபுத்தூரின் பெயர், வில்லி என்னும் வேடர்தலைவனால் வந்தது என்பது மரபு. அவ்வில்லி ஆண்மகன். திரைப்படத் தமிழோ, வில்லன் என்பதற்குப் பெண்பால் வேண்டி, இகர விகுதி சேர்த்து ‘வில்லி’ எனப் புதிதாக ஆக்கிக்கொண்டது. பழைய வில்லியும் புதிய வில்லியும் ஒரே எழுத்தில் நின்று முற்றும் முரணுகின்றனர். பழைய நாடகக் குழுவினர் இராசபார்ட்டு, ஸ்திரீபார்ட்டு என்பவற்றோடு கள்ளபார்ட்டு என்றொரு வகையும் வைத்திருந்தனர். கலப்புச் சொல்லே எனினும், கள்ளம் என்னும் செயலை அது விளங்கக் காட்டிற்று. ‘வில்லன்’ வந்தபின் அஃதும் வழக்கொழிந்தது. பழைய பொருளில் நோக்கின், இராமாயணத்தில் வில்லன் என்ற பெயர்க்கு முதல் உரிமையுடையவன் இராமனே அன்றோ!

தமிழ் தீமையைச் சுட்டுமிடத்து மேற்கொள்ளும் நெறி வேறு. கொடியன், தீயன், வலியன் என்பனவற்றை நம் இலக்கணிகள் குறிப்பு வினைமுற்று என்பர். பண்பு பற்றி வரும் இத்தகைய சொற்களைத் தொல்காப்பியர் பெயரியலில் வையாது வினையியலில் வைத்தார். காலத்தை வெளிப்படையாகக் காட்டாவிடினும் அவை வினையே. ஆதலின் இடம், பால், எண் ஆகியவற்றுக்கேற்பத் திரியும். கொடியேன், கொடியை, கொடியன், கொடியள், கொடியர், கொடிது என்னும் வாய்பாட்டில் முதலில் நிற்கும் தன்மைச் சொல்லை நோக்குக. தன்னையே கொடியவன் என்று கூறிக்கொள்வதற்குத் தமிழன் வேறொரு வினையைக் கடன்வாங்க வேண்டுவதில்லை. அடியார்கள் கொடியேன், கடையேன், வினையேன் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதைப் பணிவுரை என்று மட்டும் கொண்டு நாம் கடந்துபோகின்றோம். தீமைச்சொல் தன்மையிடத்துக்கும் உரியது என்ற இலக்கண உண்மையே அப்பணிவுக்கு இடந்தருகின்றது. இனி இவற்றைப் பெயராகக் கொள்ளுமிடத்தும் வினையாலணையும் பெயர் என்றே நம் ஆசிரியர் வழங்குவர். பெயராய் நின்றும் வினை அதனை விட்டு நீங்கவில்லை.

இந்நெறி நூலினுள் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்குக் குற்றாலத்தையே சான்றாகக் கொள்வோம். தென்காசியை அடுத்த மேலகரத்தினராகிய திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாடிய குறவஞ்சியின் கதை யாவரும் அறிந்தது. குற்றாலநாதர் உலாவருகின்றார், பந்தாடி நிற்கும் வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கின்றாள், தோழியைத் தூதனுப்புகின்றாள், குறத்தி வந்து குறி சொல்லுகின்றாள், அக்குறத்தியைத் தேடிச் சிங்கன் வருகின்றான். இவர்களுள் எவரும் எவர்க்கும் பகைவரல்லர். எனினும் நூலில் குற்றச்சாட்டு உண்டு; துன்புறுத்துவோரும் உண்டு. திங்களும் மன்மதனுமே அவர்கள். உலா மறைந்தபின் வசந்தவல்லி திங்களைப் பழிக்கும் பகுதியும், மன்மதனைப் பழிக்கும் பகுதியும் நூலின் உயிர்நிலையான இடங்கள். மன்மதன் கரும்புவில் ஏந்தியவன். ஆகவே இருபொருளிலும் வில்லன் என்று விளையாட்டாகக் கூறலாம். ஆயினும் எம் கருத்து திங்களின் மேலது.

திங்களைப் பழிக்கும் பாட்டின் தொடக்கத்தில் வசந்தவல்லி அதற்கு இழிபெயர் எதனையும் சூட்டவில்லை. வெண்ணிலாவே என்றே மீண்டும் மீண்டும் விளிக்கின்றாள். விளி குளிர்ந்தது, வினையே சுடுகின்றது. அமுதத்தோடு பிறந்த நீ உன் தண்ணளியை மறந்தது ஏன் என்பது முதல் வினா. ஒரு பெண்ணோடு உடன்பிறந்த நீ, என் பெண்மையைக் கண்ட பின்னும் காயலாமோ என்பது அடுத்த வினா. பாற்கடலில் திங்களும் திருமகளும் அமுதும் ஒருங்கு தோன்றிய கதையை உட்கொண்டு அவள் இவ்வழக்கை நடத்துகின்றாள். மறந்தாய் என்னும் வினையில், முன்னர் நினைவிருந்தது என்பது அடங்கியுள்ளது. பிறவியிலேயே தீயதாயின் மறத்தற்கு ஒன்றும் இல்லை. உடன்பிறப்பு இதற்கு எதிர்ச்சான்றாக நிற்கின்றது.

‘காயலாமோ’ என்னும் சொல்லில் சிறிது தங்குவோம். நிலாக் காய்தல் என்பது நம் நாட்டார் அன்றாடம் கூறும் மொழி. ஒளிவீசுதல் என்பதே அதன் பொருள். வெயில் காய்தலும் காய்தலே. சினத்தலும் காய்தல், ‘காய்தல் உவத்தல்’ என்னும் வழக்கை ஓர்க. எரித்தழித்தலும் காய்தல், காமனைக் காய்ந்த பெருமான் என்று சைவத் திருமுறைகள் பலவிடத்தும் பேசும். ஆகவே திங்கள் செய்வது ஒரே தொழில். வானத்தில் நின்று அது தன் இயல்பின்படி காய்கின்றது. அச்செயல் வசந்தவல்லியின் உடம்பில் வேறொரு காய்தலாக இறங்குகின்றது. ஒளி எந்தப் புள்ளியில் சினமாக மாறிற்று என்று கேட்பார்க்கு அச்சொல்லில் எல்லைக்கல் நடப்படவில்லை. நம் செவியில் இரு பொருளும் ஒருங்கே ஒலிக்கின்றன. திங்கள் குற்றமுடையதா, வசந்தவல்லியின் காதலே அதற்குக் குற்றம் கற்பிக்கின்றதா என்பது தீராது நிற்றலே அப்பாட்டின் சுவை. இதனை ‘திங்கள் இங்கு வில்லன்’ என்று மொழிபெயர்த்தால் பாதி செத்துவிடும். காமனைக் காய்ந்த பெருமானே அத்திங்களைச் சடையில் சூடியவன் என்பதையும், அவனே வசந்தவல்லியின் நோய்க்குக் காரணமாய குற்றாலநாதன் என்பதையும் கூட்டிப் பார்ப்போர், பழி எங்குச் சென்று சேர்கின்றது என்பதைக் கண்டு புன்முறுவல் கொள்வர். ஆனி தொடங்கிச் சாரல் வீசும் ஊரில், அருவியின் அருகே இருந்து ஒருத்தி சுடுகின்றது என்று முறையிடுகின்றாள் என்பதும் நினைக்கத்தக்கது.

சொல்லின் ஈறும் நோக்கத்தக்கது. ‘காய்கின்றாய்’ என்று முற்றாகச் சாட்டவில்லை. ‘காயலாம்’ என்னும் இசைவுப்பொருள் வடிவத்தோடு வினா ஓகாரம் சேர்ந்து, ‘தகுமா’ என்று கேட்கின்றது. தகாது எனின் நிறுத்திவிடலாம் என்ற வாயில் அதனுள் திறந்தே கிடக்கின்றது. சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் பகுதியிலும் இம்முறையே வருகின்றது. மனைவியின் உடம்பில் முன்பு காணாத அணிகளைக் கண்ட சிங்கன் ஐயுறுகின்றான்; ஐயம் வசையாகாது வினாவாகின்றது; வினாத்தோறும் சிங்கி விடை தருகின்றாள்; ஊடல் கரைகின்றது. இடையே ஒன்று. குறவஞ்சி என்பதிலுள்ள வஞ்சி, கொடி போன்ற பெண்; வஞ்சித்தல் என்னும் வினையொடு அதற்கு உறவில்லை. குறத்தி ஏமாற்றுக்காரி என்பதை நூற்பெயரே காட்டுகின்றது எனச் சொல்விளையாட்டால் நிறுவ முயல்வது, ஆங்கிலத்தில் ‘விலிஃபை’ என்பதை ‘வில்ல’னோடு உறவாக்குதல் போன்றதே.

இவ்வளவும் கூறியதனால், தமிழ் பெயரால் ஒருவரையும் பழித்ததில்லை என்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. அவ்வாறு கூறுதல் வரலாற்றை மறைத்தலாகும். திருவள்ளுவர் கயவர் என்று ஒரு கூட்டத்தைப் பெயரிட்டு, 108ஆம் அதிகாரம் முழுதும் பேசினார். அப்பெயர் நடத்தை பற்றியது என்று அமைதி கூறலாம். ஆனால் புலையன், சண்டாளன் என்பன போலப் பிறப்பைச் சுட்டும் பெயர்கள் வசையாகத் திரிந்தமைக்கு அமைதி ஒன்றும் இல்லை. இலத்தீன் உழவன் இங்கிலாந்தில் கொடியவன் ஆனது எவ்வாறோ, அவ்வாறே அவையும் ஆயின. பட்டிக்காட்டான் என்னும் சொல்லை நகரத்தார் இன்றும் இகழ்ச்சியாகவே வழங்குகின்றனர். எல்லாவற்றினும் நெஞ்சை உறுத்துவது, குறவர் பெயரைச் சினத்தில் வசையாக வீசும் வழக்கு. குற்றாலநாதரைப் பாடவந்த கவிராயர் தம் நூலின் பெரும்பகுதியைக் குறத்திக்கும் சிங்கனுக்கும் கொடுத்தார். நூற்பெயரையும் அவர்கள்பால் வைத்தார். மலையின் வளத்தைக் கூறும் உரிமையைக் குறத்திக்கே அளித்தார். அந்நூலைப் பாடமாகக் கற்று வெளிவரும் மாணவன் அப்பெயரை வசையாக வழங்குவானாயின், நாம் கற்பித்தது யாது?

குற்றாலத்தை நினைக்குங்கால் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை (1882–1954) நினையாதிருத்தல் இயலாது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்திலேயே வாழ்ந்தார். இராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கு வந்தனர். கம்பன் பாடல்களை வாய்விட்டுப் படித்து, ஒரு சொல்லின்மேல் நின்று, தொனியால் பொருள் விளங்கச் செய்வது அவர் முறை. அச்சுநூல்களில் உள்ள பாடல்களுட் பல கம்பனுடையன அல்ல எனத் துணிந்து விலக்கியமையும், சொற்களைத் திருத்தியமையும் இன்றளவும் வழக்குக்குரியன. சுவடிச் சான்றின்றிச் சுவை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் அத்துணிவை யாம் ஏற்கவில்லை. ஆயினும் அவர் படிக்கும் முறையில் ஓர் உண்மை உண்டு. பாட்டை ஓசையோடு படிப்போர்க்கு வினைச்சொல் தப்பாது. பாத்திரங்களைப் பட்டியலிட்டுப் படிப்போர்க்கே அது தப்புகின்றது. அவர் இலக்கண ஆய்வில் பெரிதும் நாட்டங்கொண்டாரல்லர். அவருடைய செவியையும் நம் இலக்கணத்தையும் ஒன்றுகூட்டினால் பயன் மிகும் என்பது எம் துணிபு.

கூட்டிப் பார்ப்போம். அயோத்தியா காண்டத்தில் கூனி வருமிடத்துக் கம்பர் ‘தோன்றினாள்’ என்கின்றார். இராவணன் செய்த தீமையே உருக்கொண்டாற்போல வந்தாள் என்பது கருத்து. அவள் சொற்கேட்ட கைகேயியைப் பற்றிக் கூறுங்கால், அவள் கெட்டாள் என்னாது, அவளுடைய தூய சிந்தையும் ‘திரிந்தது’ என்கின்றார். எழுவாய் கைகேயி அன்று; சிந்தை. வினையும் செயப்படுபொருள் குன்றியது. பால் திரிதல் போலத் திரிந்தது. திரிவதற்கு முன் தூயதாயிருந்தது. அரக்கர் செய்த பாவமும் ஏனையோர் செய்த அறமும் ஒருங்கே அவளைத் தள்ளின என்றும் காரணம் காட்டுகின்றார். பின்னர் அவளைத் ‘தீயாள்’ எனக் கடிந்துரைக்கும் இடமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அச்சொல் செயல் நிகழ்ந்த பின்னரே வருகின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் என்பன புணர்ச்சி விகாரங்களின் பெயர்களாகவும் இருத்தல் கண்டு, கம்பர் அதனைக் கருதியே அமைத்தார் என யாம் கூறவரவில்லை; ஆயினும், இயல்பாக நின்ற ஒன்று வேறொன்றைச் சார்ந்தபோது மாறுகின்றது என்ற எண்ணத்துக்கு நம் மொழியில் இச்சொற்களே கிடைக்கின்றன.

வாலி வதையில் இது மேலும் தெளிவாகும். மறைந்து நின்று எய்த அம்பில் இராமன் பெயரைக் கண்ட வாலி, அப்பெயர்க்குரியவனை நேர்நின்று வினவுகின்றான். ஆங்கில முறைப்படி பாத்திரங்களை இரு கூறாக்கியவர்க்கு இவ்விடம் பெருஞ்சங்கடம். தலைவன் குற்றம் சாட்டப்படுகின்றான்; சாட்டுபவன் எதிரி. பெயரொட்டிய திறனாய்வாளர் ஒன்று இராமனுக்கு வழக்குரைஞராவர், அன்றி வாலிக்கு வழக்குரைஞராவர். கம்பரோ வாலியின் பழிமொழிகளை முன்னிலை வினைகளாகவும் வினாக்களாகவும் பெருகவிடுகின்றார். ‘நீ இதனைச் செய்தாய், இது தகுமோ?’ என்பதே அவற்றின் சாரம். வினையால் சாட்டிய பழியாதலின் அதனைப் பின்வாங்குதலும் இயலும். சற்றுநேரத்தில் அதே வாலி, தன் மகன் அங்கதனை இராமன் கையில் அடைக்கலமாகக் கொடுக்கின்றான். இராமனுக்கு நிலைத்த இழிபெயர் ஒன்று சூட்டியிருந்தால், அக்கைக்கு மகனைக் கொடுத்தல் எங்ஙனம் கூடும்?

வ. வே. சு. ஐயர் கம்பனை ஹோமர், மில்டன் முதலியோரோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி, அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் 1950இல் நூலாயிற்று. அதன் சிறப்பு யாவரும் அறிவர். ஆங்கிலத்தில் எழுதியவர்க்கு ஆங்கிலப் பெயர்கள் வேண்டியிருந்தன. தமிழில் எழுதும் நமக்கு அக்கட்டாயம் இல்லை. ‘எதிர்த்தலைவன்’ என்று மொழிபெயர்த்துக்கொள்வதும் பாத்திரங்களை வகைப்படுத்துமளவுக்கே உதவும். அதுவும் ஒரு பெயரே.

நூல்களை விட்டுக் கல்லுக்கு வருவோம். தானங்களைப் பொறித்த தமிழ்க் கல்வெட்டுகளின் இறுதியில் ஓம்படைக் கிளவி வரும். அத்தருமத்துக்கு அகிதம் பண்ணினவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது அதன் பொது வாய்பாடு. அங்கும் தீயோனுக்குப் பெயரில்லை. பண்ணினவன், அழித்தவன் என்னும் வினையாலணையும் பெயர்களே உள. அறத்தைக் காத்தவன் திருவடி என் தலைமேலது என்னும் வேறொரு வாய்பாடும் பழமையானது. தென்காசியில் காசிவிசுவநாதர் கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன் இவ்விரண்டாவதனைத் தெரிந்துகொண்டு, ஒரு முழுப்பாட்டாகவே விரித்துவிட்டான். கோயிற்பணி 1446இல் தொடங்கியது. இக்கோயிலில் ஏதேனும் ஒரு குற்றம் வந்தால், வந்த அதனை நீக்கிக் காப்போர் யாவராயினும் அவர் அடியில் நான் பணிகின்றேன் என்பது அப்பாட்டின் கருத்து.

‘குற்றம் வந்தால்’ என்றான். ‘குற்றம் செய்தால்’ என்றானில்லை. பகைவர் பலர் சூழ, பாண்டியர் ஆட்சி தெற்கே ஒடுங்கி நின்ற காலத்தில் எழுந்த பாட்டு இது என்பதை எண்ணுக. எவன் செய்வான் என்று ஐயுறுதற்கு அம்மன்னனுக்குக் காரணங்கள் குறைவல்ல. எனினும் எழுவாயாக நின்றது குற்றமே. செய்வான் ஒருவனும் அங்கு நிறுத்தப்படவில்லை. வினையாலணையும் பெயரை அவன் தீயோர்க்குச் செலவிடாது காப்போர்க்கென்றே வைத்துக்கொண்டான். அப்பெயரும் தன் காலத்தவர்க்கு மட்டும் உரியதன்று. இனி வருவாரையும் தழுவி நிற்பது. சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்ற அக்கோயிலின் வாயில் 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. கல் சுமந்தோரும், சுதை தீட்டியோரும், பொருள் திரட்டியோரும் ஆக அப்பணி செய்தார் அனைவரும் அவ்வினையாலணையும் பெயருள் அடங்குவர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாண்டியன் பணிந்தது அவர்க்கே.